வளைவு இருக்கிற பக்கம்

முதுகைச் சுவர்ல சாச்சுக்கிடணும், இப்போதைக்கு எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான், அதனாலதான் கம்பளத்துல இந்தக் கோடியில வந்து உட்கார்ந்துட்டேன், தலைமாட்டுல, வளைவு இருக்கிற பக்கம். முராத் வாஜா வீட்டுல இருந்தா விட மாட்டாரு. பரமா, அது தலை, எழுந்திரு, அந்தப் பக்கம் போன்னு விரட்டுவாரு. பரமார்த்தலிங்கம்னு முழுசாச் சொல்ல வராம அவரா வச்ச பேரு பரமா. வாஜான்னா அவங்க பலூச்சி பாஷையில நம்ம ஐயா மாதிரி ஒரு மரியாதை. இப்ப அவரு சாயங்கால அஸர் தொழுகைக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். சீக்கிரம் வரட்டும். வராம இருந்தாலும் நல்லது. ரெண்டையும் ஒரே மூச்சுல நினைக்கேன், புத்தி பேதலிச்சுப் போச்சு. கதவைத் திறந்ததும் வாஜாவோட வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாவ, என் தோளுக்குப் பின்னால பார்த்தாவ, சந்து முக்கு வரைக்கும் பார்த்தாவ. ஷாதாத் எங்கன்னு கேட்டாவ. வருவான்மான்னேன். வருவான்தான், ஆஸ்பத்திரியில விட்ட பிறகு வீட்டுக்கு வராம எங்க போவான், பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா பொய்தான். இவங்களுக்கு ஒரே மகன். காலையில இரும்புத் தகட்டை வளைக்கிற உருளை மெஷின்ல கை மாட்டி, மத்தியானத்துக்குள்ள மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. வலது கை. அதை இந்த வீட்டுல சொல்லணும். அதுக்குத்தான் வந்திருக்கேன், அதுக்குத்தான் சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி சாஞ்சு உட்கார்ந்திருக்கேன்.

போன்லயே சொல்லிருங்கன்னு கம்பெனி ஆபீஸ்ல சொன்னான் அந்தப் பொடி மீசைக்காரன். என் வீட்டுக்காரி பேராச்சியும் அதையேதான் சொன்னா, தென்காசியில உட்கார்ந்துக்கிட்டு. நீங்க எதுக்கு அங்க போய் நிக்கிய, கம்பெனிக்காரன் வாயில கொழுக்கட்டையா இருக்கு, அவன் சொல்லட்டும்னா. அவளுக்குத் தெரியாது. இந்த அரபு நாட்டுப் பலூச்சிங்க வீட்டுக்கு வந்தவன்கிட்ட ஹால் கேப்பாங்க. ஹால்னா சேதி. நம்ம ஊர்ல நல்லாருக்கியளான்னு கேட்டுட்டு, நாம வாயைத் திறக்கதுக்குள்ள கேட்டவன் பஸ்ஸுல ஏறிப் போயிருப்பான். இவங்க அப்படி இல்ல. முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தப்ப, வாஜா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹால் சொல்லுன்னாரு. நல்லாருக்கேன்னு சொல்லிட்டு நான் டீயை எடுத்துக் குடிக்கேன், மொத்த வீடும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கு. ஷாதாத்தான் தொடையில இடிச்சான். முழுசாச் சொல்லணும் அண்ணே, கிளம்பின இடத்துல இருந்து, யாரைப் பார்த்தீங்க, என்ன கேட்டீங்க, ஊர்ல என்ன, வீட்டுல என்ன, எதையும் விடக் கூடாதுன்னான். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில திக்கித் திணறி பேராச்சிக்குப் பித்தப்பையில கல் இருக்கிறதுல இருந்து குற்றாலத்துல தண்ணி விழலங்கிறது வரைக்கும் சொன்னேன். ஒருத்தர் குறுக்க பேசல. ஒருத்தர் போனைப் பார்க்கல. முடிச்சதும் வாஜா, கல் கரையட்டும்னாரு, பிறகு அவங்க வீட்டு ஹாலை அவரு சொன்னாரு. என் வாழ்க்கையில நான் பேசினதை அவ்வளவு நேரம் யாரும் கேட்டது கிடையாது. வர வர எனக்கே அது பிடிச்சுப் போச்சு, வியாழக்கிழமை சாயங்காலம்னா ஷாதாத்தோட வண்டியில ஏறி வந்துருவேன், வர்ற வழியெல்லாம் என்ன சொல்லலாம்னு அடுக்கிக்கிட்டே வருவேன். இன்னைக்கும் அடுக்கிக்கிட்டுத்தான் வந்தேன். கம்பெனி இருக்கிற ருசைல்ல இருந்து இவங்க வீடு இருக்கிற மத்ரா வரைக்கும் அடுக்கினேன், நிக்கல. வரிசையாச் சொன்னா காலையில அவன் வாங்கித் தந்த பரோட்டாவுல ஆரம்பிக்கணும். அவன் சிரிச்சதைச் சொல்லணும். கை போற இடம் வரைக்கும் இவங்க நிம்மதியாக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க, அந்த நிம்மதியை நான் பார்த்துக்கிட்டே சொல்லணும். வரிசையை விட்டு எடுத்த எடுப்புல உயிருக்கு ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சா, அப்படி யாராவது நல்ல சேதிக்கு ஆரம்பிப்பாங்களா. பெத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையிலயே பாதி உயிர் போயிரும். எப்படிப் போனாலும் முட்டுச் சந்து.

கண்ணைத் தூக்க பயந்து கம்பளத்தையே பார்க்கேன். மத்த நாள்ல எனக்குப் பிடிச்ச சிவப்பு, இருட்டுச் சிவப்பு, வெயில்ல போட்டாத்தான் சிவப்புன்னே தெரியும். இன்னைக்கு அது வேற எதையோ ஞாபகப்படுத்துது, எதைன்னு சொல்ல வேண்டாம். நடுவுல ஒட்டக நிறத்துல வெறும் தரை, அதுல ஒரு மரம், விறைப்பா நிக்கிற மரம், கிளையெல்லாம் நேர்கோடு, இலையெல்லாம் கட்டம் கட்டமா. சுத்தி கரு நீலத்துல கரை, அங்கங்க பொட்டு வச்ச மாதிரி வெள்ளை, வெள்ளையை இந்த ஜனங்க எண்ணித்தான் செலவழிப்பாங்க போல. கறுப்பு நூல் இருக்கிற இடம் மட்டும் பள்ளமா இருக்கும், தடவினாத் தெரியும். இரும்புத் தூள் போட்டு ஏத்துற சாயம், நாள்பட நூலையே தின்னுருமாம், சிவப்பும் நீலமும் மேல நிக்கும், கறுப்பு கீழ இறங்கிரும். தின்னுரும்னுதான் அந்தம்மா சொன்னாவ. இரும்பு தின்னுரும். ஏன் இப்ப அது ஞாபகத்துக்கு வருது. அடிப்பக்கம் அகலம் கம்மி, மேல வர வர அகலம் கூடும், அதுக்கும் காரணம் சொன்னாவ. கல்யாணத்துக்கு முன்னால ஸீஸ்தான் பாலைவனத்துல கூடாரத்துல இருந்தவங்க, தறியைத் தரையில முளை அடிச்சுக் கட்டி நெய்வாங்க, ஆடு மேய்ச்சலுக்கு ஏத்த மாதிரி இடம் மாறும்போது சுருட்டி ஒட்டகத்துல போட்டுக்கிட்டுப் போய்ப் புது இடத்துல மறுபடி முளை அடிப்பாங்க. கல்யாணமாகி ஷாதாத் பிறந்த பிறகு, தாய் வீட்டுக்குப் போயிருந்தப்ப நெய்ஞ்சது இது. மேல, மசூதி வாசல் மாதிரி நெய்ஞ்ச வளைவுக்கு ரெண்டு பக்கமும் மூலைக் கட்டத்துல ரெண்டு கை இருக்கு. அஞ்சு விரலும் சீப்புப் பல் மாதிரி நேரா நிக்கும், ரெண்டும் ஒண்ணு போல இருக்கும். தொழுகை விரிப்புல இந்தக் கை போடுறது அவங்க வழக்கம், குனியும்போது உள்ளங்கையை அங்க வைக்கணும். அந்தம்மா பிள்ளையோட கையை நூலால அளந்து, அந்த அளவுக்கே போட்டுட்டாவ. சின்னக் கை, ஒரு வயசு கூட இருக்காது. போட்டு முடிச்ச பிறகு அதுல தொழ முடியல. என் கையைக் கொண்டுபோய் அவன் கை மேல வச்சா மனசு ஆண்டவன்கிட்ட நிக்காது பரமா, அவன்கிட்ட ஓடிருதுன்னு சிரிச்சாவ. அதனாலதான் இது விருந்தாளிக்குன்னு ஆச்சு. வாஜாதான் எனக்குப் பாடம் எடுத்தாரு, வளைவு இருக்கிறது தலை, தொழுறவன் கால்மாட்டுல நின்னு தலையைப் பார்த்து நிக்கணும், அப்படி நின்னா இது ஷாதாத்தோட வலது கை, அது இடது கைன்னு. நான் என்னத்துக்கு இதெல்லாம்னு மண்டையை ஆட்டிட்டு உட்கார்ந்தேன். இப்ப அந்த ரெண்டு கைக்கும் நடுவுலதான் உட்கார்ந்திருக்கேன், முட்டிக்கு ஒண்ணா ரெண்டு பக்கமும் இருக்கு. கால் நீட்டணும்போல இருக்கு, நீட்ட மனசு வரல.

காலையில அது நடக்கும்போது நான் பக்கத்து ஷெட்டுல இருந்தேன். சத்தம் கேட்கல, அதுதான் ஆச்சரியம், சத்தம் நின்னதுதான் கேட்டுது. மெஷின் நின்னா நான் திரும்பிப் பார்ப்பேன், இத்தனை வருஷப் பழக்கம். தகட்டு விளிம்பு கூர்மையா இருக்குன்னு கையுறை போட்டிருக்கான், கையுறை நுனியை உருளை பிடிச்சிருச்சு. எமர்ஜென்சி ஸ்விட்சை அவனே இடது கையால அடிச்சிருக்கான். அவனே. ஓடிப் போய்ப் பார்க்கேன், முகத்துல வலியே இல்ல, வெட்கப்படுற மாதிரி ஒரு முகம், அண்ணே மெஷினை ரிவர்ஸ்ல போடுங்கன்னு நிதானமாச் சொல்லுதான். அந்த நிதானந்தான் இப்பவும் காதுல கேக்கு. ஆஸ்பத்திரியில உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாலதான் அழுதான். பென்ஜோ அண்ணேன்னான். பலூச்சிங்க கல்யாணத்துல வாசிப்பாங்களே, பலகையில கம்பி கட்டி, டைப் அடிக்கிற மாதிரி இடது கையால கட்டையை அமுக்கிக்கிட்டு, வலது கையால கம்பியைச் சுண்டுறது, அது. இதே அறையில உட்கார்ந்து வாசிப்பான், அந்தம்மா திரைக்கு அந்தப் பக்கம் நின்னு கேப்பாவ, முன்னால வர மாட்டாவ, கண்ணு பட்டுரும்னு. பிறகு சொன்னான், அம்மாகிட்ட போன்ல சொல்லாதீங்க, வேற ஆளையும் அனுப்பாதீங்க, நீங்க போங்க, ஹால் கேப்பாங்க, முழுசாச் சொல்லுங்க, எதையும் விடாதீங்கன்னு. எதையும் விடாதீங்க. நான் தலையை ஆட்டிட்டேன். தலையை ஆட்டுறது எனக்குக் கைவந்த கலை.

அந்தம்மா தட்டைக் கொண்டு வந்து வைக்காவ. பால் ஊத்தாத சுலைமானி டீ, பேரீச்சம்பழம், தட்டுல ரெண்டு கண்ணாடி டம்ளர் கூடுதலா இருக்கு, ஒண்ணு வாஜாவுக்கு, ஒண்ணு அவனுக்கு. அவனோட டம்ளரை நான் பார்க்கேன். நான் பார்க்கிறதை அவங்க பார்த்துருவாங்களோன்னு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில போடுதேன், கொட்டையோட முழுங்கப் பார்த்தேன். வேலை ஜாஸ்தியான்னு கேட்டாவ. ஜாஸ்திதான்மான்னேன். உன் முகம் வாடிருக்கேன்னாவ. வெயில்மான்னேன். நான் அவங்களை அம்மான்னு தமிழ்ல கூப்பிடுறது அவங்களுக்குப் பிடிக்கும், அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் வார்த்தை, பீபி ஹாத்தூன்னு பேரு, நான் ஒரு நாளும் பேர் சொன்னதில்ல. கொஞ்ச நேரம் நின்னாவ. வேற ஏதாவது சொல்லுவேன்னு நின்னாவளோ என்னமோ. போயிட்டாவ. திரை ஆடி நின்னுது, திரைக்குக் கீழ பாதம் தெரியுது, உள்ள போகல, அங்கேயே நிக்காவ. அப்பதான் என் பேண்ட் ஓரத்தைப் பார்க்கேன். சட்டையை மாத்தினேன், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன், பேண்டை விட்டுட்டேன். கணுக்காலுக்கிட்ட ஒரு கறை, காஞ்சு போயிருக்கு. மெதுவாக் காலை மடக்கி அடியில தள்ளுதேன். இந்தக் கம்பளத்துல பட்டாத் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்ததுக்கு என்னை நானே செருப்பால அடிக்கணும். எனக்குப் பயமா இருக்கு. அவங்க அழுறதைப் பார்க்கப் பயமில்ல, அழாம இருந்தா என்ன செய்யன்னுதான் பயம். வாஜா என் கையைப் பிடிச்சு, பரமா, உன்னை நம்பித்தானே வேலைக்கு அனுப்பினேன்னு கேட்டா. கேக்க மாட்டாரு. கேக்க மாட்டாருங்கிறதுதான் இன்னும் மோசம்.

வாசல்ல செருப்புச் சத்தம். வாஜா வாராரு. எழுந்திரிக்கப் பார்க்கேன், கால் மரத்துப் போச்சு, அவரு தோளை அமுக்கி உட்கார வச்சுட்டாரு. நான் தலைமாட்டுல உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாரு. விரட்டல. எதிர்ல, கம்பளத்துக்கு வெளிய வெறும் தரையில உட்கார்ந்தாரு, சால்வையை மடியில போட்டுக்கிட்டாரு, டீயை ஊத்தினாரு, மூணாவது டம்ளர் பக்கம் கையைக் கொண்டுபோனவரு நிறுத்திக்கிட்டாரு. அடுத்து ஹால் கேக்கணும். அதுதான் முறை. நான் காத்திருக்கேன். கடல்ல காத்து மாறிப் போச்சுங்காரு. ஆமா வாஜா. இந்த வருஷம் பேரீச்சை சரியில்லங்காரு. ஆமா வாஜா. துறைமுகத்துல பெரிய கப்பல் வந்திருக்காம், சந்தையில வெள்ளைக்காரங்க கூட்டம்ங்காரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த மனுஷன் கேக்கப் போறதில்ல. சந்து முக்குல நான் வந்த வண்டியைப் பார்த்திருப்பாரு, வியாழக்கிழமை நான் தனியா வந்திருக்கிறதைப் பார்த்திருப்பாரு, என் மூஞ்சியைப் பார்த்திருப்பாரு. அவரு கேட்டாத்தான் நான் சொல்ல முடியும், கேக்காத வரைக்கும் சேதி வரல, மகன் வேலையில இருக்கான், ஓவர்டைம் பார்க்கான். பேரீச்சையைப் பத்தியே விடிய விடியப் பேசுவாரு போல. பேசட்டும்னு எனக்கும் தோணுது. பாவி மனசு, அதுக்கு ஒரு சாக்கு கிடைச்சா போதும். நானும் கப்பல் எந்த நாட்டுக் கப்பல்னு கேக்கேன். அவரு பதில் சொல்லுதாரு. அவரு டம்ளர்ல இருந்து டீ தட்டுல சிந்துது, ரெண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருக்கோம்.

திரை விலகிச்சு. ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல பொம்பளைங்க ஹால் கேக்கிறதை நான் இந்த வீட்டுல பார்த்ததே இல்ல. அந்தம்மா வந்து நின்னாவ, முக்காட்டை இழுத்து விட்டாவ, புருஷனைப் பார்க்கல. பரமா, ஹால் சொல்லுன்னாவ. வாஜா கண்ணை மூடிக்கிட்டாரு. நான் சொன்னேன். எப்படியோ நாக்கு அதா ஆரம்பிச்சுட்டு, பரோட்டாவுல இருந்து, அவன் எனக்கும் சேர்த்து வாங்கினது, காரம்னு சொல்லிச் சிரிச்சது, ஷெட்டைத் திறந்தது, தகடு வந்தது, கையுறை. குறுக்க யாரும் பேசல. உயிருக்கு ஒண்ணுமில்லன்னேன், பேசுதான், முழிச்சிருக்கான், அவன்தான் என்னை அனுப்பினான்னேன். கையை எடுக்க வேண்டியதாப் போச்சுன்னேன். ஒரு கையைன்னேன். அவங்க அழல. எந்தக் கைன்னு கேட்டாவ, ரொம்ப மெதுவா, சந்தையில எந்தத் துணின்னு கேக்கிற மாதிரி. சொல்லணும். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லப் பயந்து, என் கையைக் கீழ கொண்டுபோய், எனக்கு வலது பக்கம் முட்டியோரம் இருந்த கை மேல வச்சேன். அவங்க முட்டி போட்டு உட்கார்ந்தாவ. என் விரலுக்கு நடுவுல தெரியிற சின்ன விரலைத் தடவினாவ. நெஞ்சுல இருந்து மூச்சு ஒண்ணு வந்துது. இடதான்னாவ. இடதுதானா, வலது இருக்குல்லன்னாவ. சாப்பிடுவான், எழுதுவான், கம்பியைச் சுண்டிக்கிடுவான், அல்லாஹ் காப்பாத்தினான்னு அடுக்கிக்கிட்டே போறாவ, கண்ணுல அப்பதான் தண்ணி வருது, வாஜா சால்வையில முகத்தைப் பொத்திக்கிட்டுத் தோள் குலுங்குதாரு, அவருக்கும் அது நிம்மதிதான். எனக்கு ஒண்ணும் விளங்கல. வலதுதானே காட்டினேன், என் வலது பக்கம்தானே. முதுகுக்குப் பின்னால சுவர் உறைக்குது. தலைமாட்டுல இருந்து கால்மாட்டைப் பார்த்துல்ல உட்கார்ந்திருக்கேன். என் வலது இந்தக் கம்பளத்துக்கு இடது. டீயைக் குடி மகனே, ஆறிரும்னு அந்தம்மா டம்ளரை என் பக்கம் நகர்த்துதாவ. அவன் டம்ளர் அது. இன்னைக்கு ஒரு ராத்திரி இப்படியே இருக்கட்டுமே, தூங்கட்டுமே, நாளைக்கு ஆஸ்பத்திரியில பார்த்துத் தெரிஞ்சுக்கிடட்டுமே, நான் பொய் ஒண்ணும் சொல்லலையே, ஒரு வார்த்தை கூடச் சொல்லலையே. எதையும் விடாதீங்கன்னான். டம்ளரை எடுக்கேன். வைக்கேன். மரத்துப் போன காலை இழுத்துக்கிட்டு எழுந்து, ஓரமாவே சுத்தி, அகலம் கம்மியா இருக்கிற கால்மாட்டுப் பக்கத்துக்குப் போறேன். ரெண்டு பேரும் என்னைப் பார்க்காவ, இவன் எங்க போறான்னு. வாஜா சொல்லிக் கொடுத்த மாதிரி வளைவைப் பார்த்து முட்டி போடுதேன். மரம் முழுக்க எனக்கும் அந்தக் கைக்கும் நடுவுல இருக்கு, உட்கார்ந்த வாக்குல எட்டல, அதனால குனியுதேன், நெத்தி கம்பளத்துல படுற அளவுக்குக் குனிஞ்சு, வலது கையை நீட்டி அவன் வலது கை மேல வைக்கேன்.